வழி கேட்கும் விரல்கள்

என் வலக் கைக் கட்டைவிரலின் அடிச்சதையில், ரேகைகளுக்கு நடுவே, இரண்டு வெண்புள்ளிகள் இன்றைக்கும் மறையாமல் இருக்கின்றன. 1979-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், காவிரிக்குத் தெற்கே புன்செய்க் காடுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் கால்நடை உதவி மருத்துவராக நான் பணி ஏற்ற இரண்டாம் வருஷத்தில், சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று தன் கோரைப்பற்களால் பதித்த தழும்புகள் அவை. 34 ஆண்டு உத்தியோகத்தில் நான் கற்ற வித்தைகள் பல இருப்பினும், ஓய்வு பெற்ற பின்னும் நாள்தோறும் என் கையில் தங்கி நிற்பது, வீட்டுப் பூனையின் உடலை நீவி அதற்கு ஆசுவாசம் அளிக்கும் எளிய பயிற்சி ஒன்றே. அதற்கு வித்திட்டது அந்தக் கடியே ஆதலால், கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பூனைக்கு இடுப்பில் ஒரு கட்டி. மூங்கில் கூடையின் மூடியை விலக்கியதும், இடக் கையால் அதன் பிடரித் தோலைக் கொத்தாகப் பற்றி மேசைமேல் அமுக்கிக்கொண்டு, வலக் கை விரலை நேராகக் கட்டியின்மீதே வைத்து அழுத்தினேன். மாட்டை இரும்புக் குழாய்களாலான ட்ரெவிஸுக்குள் நிறுத்திக் கயிறு போட்டுவிட்டு வேண்டிய இடத்தில் கை வைத்துப் பழகிய எனக்கு, தொடப்படும் பிராணியின் சம்மதம் என்று ஒன்று உண்டென்னும் எண்ணமே அக்காலத்தில் உதித்ததில்லை. பூனையின் தோலோ உடலோடு ஒட்டாமல் தளர்ந்து கிடப்பது. பகைவன் பற்றினாலும் தன் தோலுக்குள்ளேயே திரும்பித் தாக்கும் வல்லமையை இயற்கை அதற்கு அளித்திருக்கிறது. அது திரும்பியதை நான் காணவில்லை. பல் இறங்கியதைத்தான் உணர்ந்தேன்.

பூனைக் கடியின் கொடுமை அதன் சிறுமையிலேயே இருக்கிறது. ஊசி போன்ற பல் ஆழமாக இறங்கி மீளும். மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்ட்யுரெல்லா முதலிய நுண்ணுயிர்கள் உள்ளே அடைபட்டுப் பெருகும். மறுநாள் விடியுமுன் என் கை புறங்கை வரை வீங்கிவிட்டது. பென்சிலின் போட்டுச் சீழ் அகற்றிப் புண் ஆறிய பிறகும், கட்டைவிரல் மடங்க மறுத்தது. பால் கறந்து காட்டவும் முடியாமல், சினை பார்க்கவும் முடியாமல், ஒரு மாத காலம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவ்வூரில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயா ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் அவளாகவே வந்து, இளஞ்சூடான நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, என் கையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். விரலை நீட்டினேன், அவள் விரலைத் தொடவே இல்லை. முழங்கையில் தொடங்கி, முன்கைச் சதையை வருடி, மணிக்கட்டின் அருகே வந்து நின்று, மறுபடியும் முழங்கைக்கே திரும்பிப் போனாள். "வலி இங்கே இல்லையே, ஆயா" என்றேன். "தெரியும் தம்பி. வலிக்கிற இடத்துக்குத் திடும்முனு போகப்படாது. வழி கேட்டுக்கிட்டுத்தான் போகணும்" என்றாள். மூன்றாம் நாள்தான் கட்டைவிரலின் அடிக்கு வந்தாள். அவள் வந்தபோது, அந்த இடம் அவளுக்காகக் காத்திருந்தது போல் இளகிக் கொடுத்தது. பத்து நாளில் விரல் மடங்கிற்று.

அங்கமர்த்தனம் பற்றிய ஐரோப்பிய நூல்களில், யோஹான் கியோர்க் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வழக்குக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுப் பெயர்கள் இன்றும் ஆளப்படுகின்றன. நம் மொழியில் அந்த ஆயாவைப் போன்றவர்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களோ அவற்றினும் நுட்பமானவை என்பது என் அபிப்பிராயம். தடவுவது வேறு, வருடுவது வேறு. தடவும் கை பரந்து செல்லும். வருடும் கை விரல் நுனியால் மெல்லச் செல்லும். நீவுவதில் கனம் உண்டு, திசையும் உண்டு. உருவுவது ஓர் அவயவத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அதன் நுனி வரை இழுத்துச் செல்வது. பிசைவது சதையைத் தூக்கி விடுவது. அமுக்குவது நின்ற இடத்தில் நிற்பது. பூனைக்கு இவற்றுள் முதல் மூன்றும் உகந்தவை. பிசைதல் தோளுக்கும் தொடைக்கும் மட்டும், அதுவும் பழுத்த சப்போட்டாவைத் தோல் கசங்காமல் கனிவு பார்க்கிற அளவுக்கு மட்டும். உருவுதலைப் பூனை பெரும்பாலும் விரும்புவதில்லை; வாலை உருவுவது கூடவே கூடாது.

ஆயாவின் பாடத்தை நான் பூனையிடம் கொண்டுசெல்லப் பல வருஷங்கள் ஆயின. பிடரியைப் பற்றுவதே முறை என்று அதற்குப் பிறகும் நெடுங்காலம் நானும் நம்பினேன், என்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்களிடம் இன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. பிடரி பற்றியதும் பூனை அசைவற்றுக் கிடக்கிறதே என்பதுதான் எங்கள் ஆதாரம். நான் ஓய்வு பெற்று வந்து குடியேறியிருக்கும் ஸ்ரீரங்கத்தில் மார்ஜார நியாயத்தை அறியாதவர் இல்லை. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வது போல ஜீவன் பகவானைப் பற்றவேண்டும் என்பர் வடகலையார். பூனைக்குட்டி யாதொரு பிரயத்தனமும் இன்றித் தாயின் வாயில் தொங்குவது போல ஜீவன் தன்னை விட்டுவிடவேண்டும் என்பர் தென்கலையார். தத்துவத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பூனையைப் பற்றிச் சொல்ல மட்டும் உண்டு. தாய் கவ்வியதும் குட்டியின் உடல் தளர்ந்து கால்கள் சுருங்குவது உண்மை. அந்தப் பருவம் கடந்து வளர்ந்துவிட்ட பூனையை, தாயல்லாத ஒரு கை அதே இடத்தில் பற்றும்போது, அது அசையாமல் கிடப்பது சரணாகதியால் அன்று, பயத்தால். 2022-இல் அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகள் இவ்வாறு பிடரி பற்றுவதைக் கைவிடும்படியே மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கின்றன. அதற்கு முன்பே, பயத்தால் உறைவதையும் சுகத்தால் தளர்வதையும் என் கை வேறுபடுத்தி அறியத் தொடங்கியிருந்தது. உறைந்த பூனையின் சதை கயிறு முறுக்கியது போல் இருக்கும். தளர்ந்த பூனை, தூங்கும் குழந்தையைப் போல, இருக்கிற எடையைக் காட்டிலும் கனக்கும்.

பிராணிகளின் அங்கமர்த்தனம் ஒரு தனி வித்தையாகவே வெளிநாடுகளில் வளர்ந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். மைக்கேல் ஃபாக்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் நாய்க்கும் பூனைக்கும் உரிய முறைகளை 1981-இலேயே நூலாக எழுதியிருக்கிறார். குதிரைப் பயிற்சியில் தேர்ந்த லிண்டா டெலிங்டன்-ஜோன்ஸ் என்ற அம்மையார், விரல் நுனியால் தோலை நகர்த்தி ஒன்றேகால் வட்டம் இடும் முறை ஒன்றை வகுத்தார். வட்டம் முடிந்த இடத்தில் நில்லாமல் இன்னும் கால் வட்டம் போய் நிற்பது அதன் விசேஷம். தோள்பட்டையில் நான் அதைக் கையாண்டு பயன் கண்டிருக்கிறேன்.

இனி, வீட்டில் செய்ய விரும்புவோருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பூனையைத் தேடிப் போய்த் தூக்கிவரலாகாது. அது வந்து அமர்கிற வேளையே வேளை. மார்கழிக் காலையில் முற்றத்து வெயிலில் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, முன்கால்களை மார்புக்கு அடியில் மடக்கி அது உட்காருகிறதே, அதைக் காட்டிலும் நல்ல முகூர்த்தம் இல்லை. தரையிலேயே ஒரு பழைய வேட்டியை விரித்து அமர்ந்துகொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பூனையின் உடற்சூடு சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், நமக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும் கையும் அதற்குக் குளிர்ந்த கையே. பிறகு சுட்டுவிரலை மடக்கி, அதன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். விருப்பம் இருந்தால், அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் கன்னத்தை விரலில் உரைக்கும். கன்னத்திலும் மோவாயிலும் நெற்றிப் பொட்டிலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உள்ளன; தனக்கு உரியவர்கள்மீதும் உரிய பொருள்கள்மீதும் அது தன் மணத்தை இட்டு வைக்கிறது. அந்த முத்திரை கிடைத்த பிறகே கையை நகர்த்தலாம்.

முதலில் கன்னம். மீசை முளைத்திருக்கும் மேட்டை அழுத்தாமல், அதன் பின்விளிம்பிலிருந்து காதை நோக்கி விரல் கணுவால் வருட வேண்டும். பக்கத்துக்குப் பன்னிரண்டு போல் நான்கு வரிசைகளில் நிற்கும் அம்மயிர்கள் ஒவ்வொன்றின் வேரிலும் நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றை மடக்குவது கண்ணில் விரல் வைப்பதற்கு ஒப்பாகும். அடுத்து மோவாயின் அடி, பிறகு கண்ணுக்கும் காதுக்கும் இடையே மயிர் குறைந்த பகுதி. இந்த முகப் பிரதேசத்திலேயே முதல் வாரம் முழுவதையும் கழித்தாலும் நஷ்டம் இல்லை.

பிறகு பிடரி வழியே தோள். இங்கேதான் பூனையின் சரீர அமைப்பை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். மனிதனுக்குத் தோளையும் மார்பையும் பிணைக்கும் காறை எலும்பு, பூனைக்கு வேறெந்த எலும்போடும் சேராத ஒரு சிறு துண்டாகச் சதைக்குள் மிதக்கிறது. ஆகவே முன்கால்கள் இரண்டும் உடலோடு தசையாலேயே தொடுக்கப்பட்டிருக்கின்றன. தலை நுழையும் சந்தில் உடலும் நுழைவதற்கும், உயரத்திலிருந்து குதிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கும் இந்த அமைப்பே பெருந்துணை. அதனாலேயே அதன் அலுப்பெல்லாம் தோளில் வந்து சேருகிறது. தோள்பட்டையின் விளிம்பைக் கட்டைவிரலாலும் இரு விரல்களாலும் மென்மையாகப் பிடித்து, சிறு சிறு வட்டமாக நகர்த்துங்கள். எவ்வளவு அழுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் இமைமேல் விரலை வைத்து எந்த அளவு பொறுக்கிறீர்களோ, அந்த அளவு என்பதே.

தோளிலிருந்து முதுகு. முள்ளெலும்பின்மீது விரல் படலாகாது. அதன் இரு மருங்கிலும் ஓடும் நீண்ட தசைப் பட்டைகளையே, மார்புப் பகுதியின் 13 முள்ளெலும்புகளையும் இடுப்பின் 7-ஐயும் கடந்து, மயிர் படிந்த திசையில், அவசரமின்றி நீவிக்கொண்டு வரவேண்டும். வாலின் அடியை நெருங்கும்போது நின்றுவிடுவது நலம். சில பூனைகள் அங்கே தொடுவதை விரும்புவது போல் முதுகை உயர்த்தினாலும், பொறுமை இழந்து திரும்புவதும் அங்கேதான். வயிற்றைத் தொடவே வேண்டாம். மல்லாந்து வயிற்றைக் காட்டும் பூனை நம்மை நம்புகிறது. அந்த நம்பிக்கையைத் தொடுவதற்கான அழைப்பாகக் கொள்வது தவறு.

நாலைந்து முறை நீவியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஆயா மணிக்கட்டருகே நின்றது போன்ற நிறுத்தம் அது. பூனை தலையால் கையை முட்டினால் தொடரலாம். பார்வையை வேறெங்கோ திருப்பினால் அன்றைக்குப் போதும். வால் நுனி தரையில் அடிப்பதும், காதுகள் பக்கவாட்டில் சாய்வதும், முதுகுத் தோல் நீரில் காற்றடித்தாற்போல் சிலிர்த்து ஓடுவதும், கண்மணி விரிவதும் அது "வேண்டாம்" என்று சொல்லும் விதங்கள். கடிக்கும் பூனை, கடிப்பதற்கு முன் இவற்றுள் இரண்டையாவது சொல்லியிருக்கும். முதல் நாட்களில் 5 நிமிஷம், பழகிய பின் 10 நிமிஷம். அதற்கு மேல் செய்வது நம் ஆசைக்கே அன்றி அதன் தேவைக்கு அன்று. தொண்டையிலிருந்து எழும் குர்குர் ஒலியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இடையறாது எழும் அவ்வொலி சுகத்துக்கு அடையாளமே என்றாலும், பிரசவ வேதனையிலும் மரணத் தறுவாயிலும் கூடப் பூனை அதை எழுப்பக் கேட்டிருக்கிறேன்.

எண்ணெயைப் பற்றி வற்புறுத்திச் சொல்லவேண்டும். நீவுதல் என்றதும் நம் வீடுகளில் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தையும் தைலப் புட்டியையும் தேடுகிறது. பூனைக்கு வெறும் கையே போதும். உடலில் எது பட்டாலும் அதை நக்கி உட்கொள்வது அதன் பிறவிக் குணம்; நம் கல்லீரல் குளுக்குரானிக் அமிலத்தோடு பிணைத்து எளிதாக வெளியேற்றிவிடும் பல நச்சுப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அவ்வாறு வெளியேற்ற முடிவதில்லை. கற்பூரம், நீலகிரித் தைலம், வலி நிவாரணக் களிம்பு எல்லாமே அதற்கு விஷம். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் போக்கப் போதுமானது. இடுப்புப் பிடித்துக்கொண்ட பூனைக்கு அன்பினால் இரவு முழுவதும் களிம்பு தேய்த்துவிட்டு, காலையில் எச்சில் வழியத் தள்ளாடும் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்த ஒரு தாயாரின் முகம் எனக்கு மறக்கவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் பலமுறை அலசி, நரம்பில் நீர் ஏற்றி, அந்த ஜீவனை மீட்டோம். அவரை நான் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதையே அவர் அதற்கும் செய்திருந்தார்.

காய்ச்சல், புண், சினை ஆகிய காலங்களில் நீவுதலைத் தவிர்க்க வேண்டும். மூத்திரம் பிரியாமல் முக்கும் கடுவனையும், பின்னங்கால்கள் திடீரெனச் சில்லிட்டுச் செயலிழந்த பூனையையும் நீவிக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு அடுத்த வீட்டில் தனியாக வாழும் மாமி ஒருவரிடம், 14 வயதான கிட்டு என்ற கடுவன் இருந்தது. திண்ணைக்குத் தாவுவதை நிறுத்திவிட்டது. இடுப்புப் பகுதியில் மயிர் சடை கட்டியிருந்தது. நாக்கு எட்டாமையால் வந்த சடை அது. வயது முதிர்ந்த பூனைகளில் மூட்டுத் தேய்வு வெகு சாதாரணம். வலியை அது அழுது காட்டாது, தாவாமல் இருந்து காட்டும். மருந்து எழுதிக்கொடுத்தேன், திண்ணையருகே ஒரு பலகையைப் படியாகப் போடச் சொன்னேன், நீவுவதற்கும் சொல்லிக்கொடுத்தேன். தேய்ந்த மூட்டை நீவுதல் மீட்காது. மூட்டைக் காக்கச் சதா இறுகிக் கிடக்கும் சதைகளை அது இளக்கும். வயோதிகத்தில் அதுவே பெரிய உபகாரம்.

மாமியின் விரல்களும் வாதத்தால் கணுக்கணுவாக வீங்கியவை. "என் கை கோணலா இருக்கே டாக்டர், இதுக்கு ஒத்துக்குமா?" என்றார். கோணலான விரலுக்கு அழுத்தத் தெரியாது ஆதலால் அதுவே நல்லது என்றேன். மற்றொரு சங்கடமும் இருந்தது. ஸ்நானம் செய்து மடி உடுத்திவிட்டால் திருவாராதனம் முடியும் வரை அவர் எதையும் தொடமாட்டார். ஆகவே விடியற்காலை ஐந்தரை மணி, ஸ்நானத்துக்கு முன் என்று வேளை குறித்தோம். ஒரு மாதத்துக்குள் கிட்டு அந்த வேளையைக் கற்றுக்கொண்டு, ஐந்தேகாலுக்கே கிணற்றடித் துவைகல்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பலகைப் படியில் ஏறித் திண்ணைக்கு வந்து வெயில் காயவும் தொடங்கியது. மடியாசாரத்தில் கழிந்த பல வருஷங்களுக்குப் பிறகு, இன்னொரு உயிரின் சூடு தம் கையில் பத்து நிமிஷம் தங்குவதைப் பற்றி மாமி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் குளிப்பதற்கு வரவர நேரமாகிக்கொண்டு போயிற்று.

சென்ற தை மாதத்தில் ஒரு காலை, மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். "டாக்டர், இது இன்னிக்கு இடது தோளைத் தொட விடமாட்டேங்கறது. நேத்திக்கு இப்படி இல்லை. என்னமோ இருக்கு, வந்து பாருங்கோ." போனேன். கன்னத்தில் தொடங்கி, பிடரி வழியாக, முறைப்படி வழி கேட்டுக்கொண்டே இடது தோளுக்கு வந்தேன். கிட்டு எனக்கு மறுப்புச் சொல்லவில்லை. தோள்பட்டையின் விளிம்பு, அதன் கீழ்ப் பள்ளம், முன்காலின் மேற்சதை எல்லாவற்றையும் பார்த்தேன்; வீக்கம் இல்லை, சூடு இல்லை, தோலில் ஒரு கீறலும் இல்லை. "ஒன்றும் இல்லை மாமி. குளிருக்குப் பிடித்திருக்கும்" என்றேன். மாமி தம் கோணல் விரல் ஒன்றை, நான் நீவிவிட்டு வந்த இடத்திலேயே வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இல்லை. இருக்கு" என்றார்.

மறுநாள் மாலை அந்த இடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிச் சுட்டது. தெருவுக்குப் புதிதாக வந்திருந்த இளங்கடுவன் ஒன்றின் பல் அங்கே இறங்கி, மேல்தோல் மூடிக்கொண்டிருந்தது. சீழை வடித்துக் கழுவி மருந்து கொடுத்தேன். ஆறுகிற வரையில் மாமி இடது பக்கத்தை விட்டுவிட்டு வலது தோளை மட்டும் நீவினார். எட்டாம் நாள், நான் சொல்வதற்கு முன்பே, கையை இடப்புறம் கொண்டுபோனார்.